பட்டியலில் நான்காவது பெயர்

டோரி க்ரீக், மேற்கு வர்ஜீனியா
12 ஜனவரி 1975

அன்புள்ள லோரீன் அக்காவுக்கு,

அப்பா இருமுகிறார், நான் வேலைக்குப் போகிறேன், கூரை ஒழுகவில்லை. இங்கே நலம் என்றால் இவ்வளவுதான். மிசூரிக் குளிரில் நீயும் வால்ட்டரும் எப்படி இருக்கிறீர்கள்?

போனில் பேசியிருக்கலாம். ஆனால் நான் வேலை பார்க்கிற டாக்டர் டீக்கின் மருத்துவமனையில் போனை எடுத்தால் காத்திருக்கிற நோயாளிகள் எல்லாருக்கும் இருமல் நின்றுவிடுகிறது. அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அதனால் கடிதம்.

டாக்டர் டீக் மாதிரி எலும்பைக் கையால் தொட்டு வைத்தியம் பார்க்கச் சொல்லித்தருகிற இரண்டு ஆஸ்டியோபதிக் மருத்துவக் கல்லூரியிலிருந்தும் பதில் வந்துவிட்டது. ஆல்டர் ஸ்பிரிங்ஸில் போன வருஷம் திறந்தார்களே, அந்தப் புதுக் கல்லூரி இடம் கொடுத்துவிட்டது. ஏப்ரல் முதல் தேதிக்குள் சரி என்று எழுத வேண்டும். நவம்பரில் உன் வீட்டில் தங்கி நேர்முகத்துக்குப் போனேனே, நீ வேலை பார்க்கிற அந்த எண்பது வருஷத்துப் பழைய கல்லூரி, அவர்கள் என்னைக் காத்திருப்போர் பட்டியலில் போட்டிருக்கிறார்கள். ஆகும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை.

புதுக் கல்லூரியை நீ பார்க்க வேண்டும். மூடிப்போன காசநோய் ஆஸ்பத்திரி அது. சுவரில் 'தரையில் துப்பாதீர்' என்ற பலகை இன்னும் இருக்கிறது. உடற்கூறு வகுப்பு பழைய சமையலறையில் நடக்கிறது. வாத்தியார்கள் நல்லவர்கள், ஆனால் விரல் விட்டு எண்ணிவிடலாம். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. முழு அங்கீகாரம் இன்னும் வரவில்லை, அதுதான் பயம். முதல் மாணவர்கள் பட்டம் வாங்கும் சமயம் வந்துவிடும் என்கிறார்கள். வராவிட்டால் பட்டத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டலாம், வைத்தியம் பார்க்க முடியாது. அப்போது எனக்கு வயது முப்பத்து மூன்று.

ராணுவத்தில் காயக்கட்டுப் போட்டவன், இப்போது எக்ஸ்ரே எடுக்கிறவன். இதற்கு மேல் ஒரு தடவைதான் எனக்கு வாய்ப்பு வரும் அக்கா. எது என்று நீ சொல். எனக்குத் தலை சுற்றுகிறது.

அப்பா சொல்லச் சொன்னது: "அவகிட்ட சொல்லு, மலைக்குள்ள கரிச் சுரங்கத்துல முப்பத்தெட்டு வருஷம் இருந்தாச்சு, செத்தப்புறமாவது என்னைய மேல வைங்கன்னு."

தம்பி,
வெண்டல்

•

கெட்டரிட்ஜ், மிசூரி
20 ஜனவரி 1975

அன்புள்ள வெண்டலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்குச் சளி, வால்ட்டருக்கு முட்டிவலி, மற்றபடி குறைவில்லை. அவருடைய இரும்புக்கடையில் இந்த வாரம் பனி அள்ளும் மண்வெட்டி தவிர எதுவும் விற்கவில்லையாம்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பழையதுதான்! உனக்கு மூளை பனியில் உறைந்துவிட்டதா? இங்கே சொந்த ஆஸ்பத்திரி இருக்கிறது. முதுகெலும்பில் கை வைத்தாலே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுகிற, முப்பது வருஷம் பழகிய கைகள் இருக்கின்றன. நீ அங்கே சமையலறையில் உட்கார்ந்து பிணத்தை வெட்டப் போகிறாயா? அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாகிவிடும் அது. அங்கீகாரம் வரும் வரும் என்று சொல்கிறவர்கள் உன் முப்பத்து மூன்றாவது வயதைத் திருப்பித் தருவார்களா?

பதிவாளர் ப்ரூயிட் அவர்களிடம் விசாரித்தேன். பட்டியலில் உன் பெயர் நான்காவது. வருஷா வருஷம் ஏழெட்டுப் பேராவது இடம் வேண்டாமென்று விலகிவிடுவார்களாம். "உன் தம்பிக்குக் கண்டிப்பா வரும் லோரீன், டாக்டர் டீக் எழுதின சிபாரிசுக் கடிதத்தைப் படிச்சு எனக்கே கண்ணு கலங்கிடுச்சு" என்றார். அவர் லேசில் கலங்குகிற ஆள் இல்லை.

வா. மாடியறை உனக்கு. ஜூன் பதினான்கு எங்கள் கல்யாணம் முடிந்ததும் நான் வால்ட்டர் வீட்டுக்குப் போய்விடுவேன், வீடு முழுக்க உன் ராஜ்யம். புது இடத்துக்காரர்களிடம் ஏப்ரல் வரை இழுத்துப்பிடி.

அப்பா மருந்து சாப்பிடுகிறாரா?

அக்கா,
லோரீன்

•

டோரி க்ரீக்
9 பிப்ரவரி 1975

அன்புள்ள அக்கா,

சளி விட்டதா? இங்கே முழங்கால் அளவு பனி. தபால்காரர் நேற்றுத்தான் மேலே ஏறி வந்தார், திட்டிக்கொண்டே.

நீ எழுதியதைப் படித்ததும் மனசு தெளிந்தது. இரண்டு நாள்தான் அந்தத் தெளிவு நின்றது. மூன்றாம் நாள் அப்பாவைப் பார்த்தேன், மறுபடியும் குழம்பிவிட்டது.

அவரால் இப்போது படுத்துத் தூங்க முடியவில்லை. நாற்காலியிலேயே தூங்குகிறார். காலையும் மாலையும் நான் அவர் முதுகுக்கடியில் கை கொடுத்து விலா எலும்புகளை மெல்ல மெல்ல உயர்த்திவிட வேண்டும். டாக்டர் டீக் சொல்லிக்கொடுத்தது. அரை மணி நேரம் செய்தால் மூச்சு சீராகிறது. சுரங்கத் தூசி அடைந்த நுரையீரலை யாரும் கழுவித் தர முடியாது, ஆனால் விலாக்கூட்டைத் தளர்த்தலாம் என்கிறார் டாக்டர். நான் இந்தப் படிப்புக்கு ஆசைப்பட்டதே இதனால்தானே.

மிசூரிக்கு வந்தால் இதை யார் செய்வது? பக்கத்து வீட்டு டோவி அத்தை பகலில் சூப் கொண்டுவந்து கொடுப்பாள், அவ்வளவுதான். அவளுக்கே கை நடுங்குகிறது. அப்பாவை அங்கே கூட்டிவரலாம் என்றால் பிடிவாதம். "என் கூட்டாளிங்க எல்லாம் இங்க மண்ணுல கெடக்கானுங்க, நான் எங்கடா போறது?" என்கிறார். நேற்று நான் சோர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு அவராகவே சொன்னார்: "நீ போய்ப் படிடா. லோரீன் வருவா. நான் கேட்டா வருவா."

அதனால் நேராகவே கேட்டுவிடுகிறேன். எனக்கு அங்கே இடம் வந்தால் நீயும் வால்ட்டரும் இங்கே வந்து நான்கு வருஷம் இருக்க முடியுமா? முடியாதென்றால் முடியாதென்று சொல். நான் வருத்தப்பட மாட்டேன்.

வெண்டல்

•

கெட்டரிட்ஜ்
16 மார்ச் 1975

அன்புள்ள வெண்டல்,

பதில் எழுத ஐந்து வாரம் ஆகிவிட்டது, கோபிக்காதே. அலுவலகத்தில் விண்ணப்பங்கள் மலையாகக் குவிந்துவிட்டன. நான் சௌக்கியம். கல்யாணத்துக்குத் துணி எடுத்தாயிற்று, வெள்ளை இல்லை, இளநீலம். இந்த வயதில் வெள்ளை உடுத்தினால் ஊர் சிரிக்கும்.

நான் ஜனவரியில் எழுதியது கொஞ்சம் அவசரப்பட்டு எழுதியது. பிறகு நிதானமாக யோசித்தேன். புதுக் கல்லூரியிலும் நல்லது இல்லாமலில்லை. மாணவர்கள் குறைவு, வாத்தியார்கள் ஒவ்வொருவர் மேலும் கண் வைப்பார்கள். அரசாங்கமே பின்னால் நிற்கிறது, அங்கீகாரம் வராமல் போகாது. உன் மலைக்காரர்களுக்கு நடுவிலேயே படிக்கலாம், அதுவும் ஒரு பெரிய விஷயம். இங்கே உன் பேச்சைக் கேட்டாலே பையன்கள் கேலி செய்வார்கள்.

பட்டியலும் இந்த வருஷம் நகரவில்லை. ஒருவரோ இருவரோதான் விலகியிருக்கிறார்கள். அதை நம்பிக்கொண்டு கையிலிருப்பதை விட்டுவிடாதே.

இங்கே ரோஜாச் செடி துளிர்த்திருக்கிறது. அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

லோரீன்

•

டோரி க்ரீக்
22 மார்ச் 1975

அன்புள்ள அக்கா,

அப்பா நேற்று வாசல்வரை நடந்தார், பிறகு அதற்கான வட்டியை இரவெல்லாம் கட்டினார். எனக்குக் குறையில்லை. இளநீலம் உனக்கு நன்றாக இருக்கும்.

உன் ஜனவரிக் கடிதத்தையும் மார்ச் கடிதத்தையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். இரண்டையும் எழுதியது ஒரே ஆள்தானா? ஜனவரியில் எனக்கு மூளை உறைந்துவிட்டது என்றாய். மார்ச்சில் உனக்கு உருகிவிட்டதா? எனக்குப் புரியவில்லை. யாராவது ஏதாவது சொன்னார்களா? வால்ட்டருக்கு நான் வருவது பிடிக்கவில்லையா?

குழப்பம் தாங்காமல் இன்று ஆல்டர் ஸ்பிரிங்ஸ் போய்வந்தேன். மலைப்பாதையில் மூன்று மணி நேரம். முதல்வர் கோல்மன் ஏணிமேல் நின்று தானே விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார். கீழே இறங்காமலே பேசினார். "என்னப்பா, எங்களப் பாத்தா நம்பிக்கை வரலையா?" என்றார். வருகிறது, ஆனால் பயமும் வருகிறது என்றேன். "எனக்கும் அப்படித்தான்," என்று சொல்லிவிட்டுத் திருப்புளியைக் கேட்டார்.

எனக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது. ஆனால் வகுப்பு முடிந்து வந்த ஒரு மாணவன், "ரெண்டாவது வருஷம் முடிஞ்சா எந்த ஆஸ்பத்திரியில பயிற்சின்னு இன்னும் யாருக்கும் தெரியாதுங்க. கேட்டா, பாத்துக்கலாம்கிறாங்க" என்றான். வரும் வழியெல்லாம் அந்தப் 'பாத்துக்கலாம்' காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. மனசைத் தொட்டுச் சொன்னால் எனக்குப் பழையதுதான் வேண்டும். ஒரு நெஞ்சைத் தொட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

கோல்மன் எனக்காக ஏப்ரல் இருபதுவரை நாற்காலியைப் பிடித்துவைக்கிறேன் என்றார். பட்டியலில் இப்போது என் இடம் என்ன? பிப்ரவரியில் நான் கேட்டதற்கும் நீ பதில் எழுதவில்லை.

வெண்டல்

•

கெட்டரிட்ஜ்
2 ஏப்ரல் 1975

அன்புள்ள வெண்டல்,

நலமே. இன்னும் செய்தி எதுவும் இல்லை. நீ அந்தக் கோல்மனுக்குச் சரி என்று எழுதிவிடு. அவர் நல்லவராகத் தெரிகிறார். தலைவலி, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

லோரீன்

•

டோரி க்ரீக்
21 ஏப்ரல் 1975

அன்புள்ள அக்கா,

தலைவலி இப்போது எப்படி? கண்ணைக் காட்டு, தட்டச்சு அடித்து அடித்து உனக்குக் கண்ணாடி தேவைப்படலாம்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். புதுக் கல்லூரி. நேற்றுதான் கடைசி நாள். அதுவரை தினமும் தபால்பெட்டிக்கு நடந்தேன். தபால்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கையை விரித்துவிடுவார். கடைசியில் பாவம், வேறு வழியாகப் போக ஆரம்பித்தார்.

டாக்டர் டீக் என் தோளில் தட்டினார். அப்பா, "கிட்டத்துலயே இருப்பான், நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சந்தோஷமா துக்கமா என்று தெரியவில்லை. அழ வேண்டும்போல இருந்தது, எதற்கு என்று தெரியாததால் விறகு பிளந்தேன்.

இன்னொரு சிக்கல். கிட்டத்தில் என்று பெயர்தான். மூன்று மணி நேர மலைப்பாதையைத் தினமும் ஓட்ட முடியாது. முதல் இரண்டு வருஷம் விடுதியில் தங்கியே ஆகவேண்டுமாம், பழைய நோயாளி வார்டுகளைத்தான் விடுதியாக்கியிருக்கிறார்கள். சனி ஞாயிறுதான் வீட்டுக்கு வர முடியும். ஆகஸ்டு பதினெட்டு வகுப்பு ஆரம்பம். மற்ற ஐந்து நாளும் அப்பாவை யார் பார்ப்பது? பழையதோ புதியதோ, கடைசியில் கேள்வி ஒன்றுதான். உன்னைத் தவிர யாரைக் கேட்பேன்?

வெண்டல்

•

டோரி க்ரீக்
18 மே 1975

அன்புள்ள அக்கா,

நான்கு வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? அப்பா ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பிவிட்டார், பயப்படாதே. செவிலிப் பெண்ணிடம் தன்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டிருக்கிறார். அவள் பென்ஷன் எவ்வளவு என்று கேட்டாளாம்.

ஒரு விஷயம். டாக்டர் டீக் போன வாரம் ஆஸ்டியோபதி மருத்துவர்கள் கூட்டத்துக்குப் போயிருந்தார். அங்கே உங்கள் ப்ரூயிட் அவர்களைப் பார்த்தாராம். டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ப்ரூயிட் கேட்டாராம்: "ஏங்க டீக், உங்க பையன் எங்க இடத்த வேண்டாம்னுட்டானே, நாங்க என்ன தப்புப் பண்ணினோம்?" டாக்டர் ஒன்றும் புரியாமல் சிரித்து மழுப்பிவிட்டாராம். வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "எங்கிட்ட ஏண்டா மறைச்ச?" என்று திட்டினார்.

எனக்கு எதுவும் வரவில்லை அக்கா. ஒரு துண்டுக் காகிதம்கூட. அவருக்குப் பெயர் மாறிப்போயிருக்கலாம். அல்லது தபாலில் தொலைந்திருக்கலாம். நீ அந்த அலுவலகத்திலேயே இருக்கிறாய், என்ன நடந்தது என்று விசாரித்து எழுது.

வெண்டல்

•

கெட்டரிட்ஜ்
4 ஜூன் 1975

வெண்டலுக்கு,

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார் என்று படித்து மூச்சு வந்தது. இந்தக் கடிதத்தை நான் ஐந்து தடவை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன்.

பெயர் மாறவில்லை. தபாலில் தொலையவும் இல்லை.

மார்ச் இருபத்தேழாம் தேதி காலை ப்ரூயிட் என் மேசைக்கு வந்தார். பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் இங்கே ஒரு மஞ்சள் அட்டை உண்டு. முறை வந்ததும் அவரே கடிதம் போடுவார், பத்து நாளுக்குள் பதில் வரவேண்டும். அன்றைக்கு உன் அட்டையை என் முன்னால் வைத்து, "உன் தம்பி பேரு மேல வந்துருச்சு லோரீன். இதுக்கு நான் கடிதம் போட மாட்டேன். இந்தச் சந்தோஷம் உன்னோடது, நீயே சொல்லு" என்றார். அந்த மனுஷர் எனக்குச் செய்த நல்லது அது. அவர் வழக்கம்போலத் தானே எழுதியிருந்தால் உனக்கு நான்காம் நாள் வந்து சேர்ந்திருக்கும்.

அட்டையை இழுப்பறைக்குள் தட்டச்சு நாடாப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். நாளைக்கு எழுதலாம் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். ஏப்ரல் இரண்டாம் தேதி 'செய்தி எதுவும் இல்லை' என்று உனக்கு எழுதினேனே, அதே மேசையில், அந்த இழுப்பறைக்கு மேலே காகிதத்தை வைத்துத்தான் எழுதினேன். பத்தாம் நாள் ப்ரூயிட், "என்னம்மா, தம்பி என்ன சொன்னான்?" என்றார். "வீட்டுக்குப் பக்கத்துலயே படிக்கிறேன்னுட்டான் சார்" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

ஏன் என்று கேட்பாய். நீ அங்கேயே படித்தால் அப்பாவை நீயே பார்த்துக்கொள்வாய் என்று நினைத்தேன். விடுதி பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன் என்று சொல்லத் தெரியவில்லை.

அம்மா போனபோது எனக்குப் பதினைந்து. உனக்குப் பத்து, உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்காது. ஒன்பது வருஷம் அப்பாவுடைய கைக்குட்டைகளைத் தோய்த்தேன். கறுப்பாக வரும். தண்ணீர் கறுப்பு, என் நகக்கண் கறுப்பு. இரவில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் நின்றால் செத்துவிட்டாரோ என்று பயம், இருமினால் ஐயோ இன்னும் இருமுகிறாரே என்று எரிச்சல். இருபத்து நான்கு வயதில் பஸ் ஏறியபோது நான் அழவில்லை. மறுபடி அந்த வீட்டுக்குள் போனால் வெளியே வரவே மாட்டேன் என்று தோன்றியது. வால்ட்டர் என் வாழ்க்கையில் தாமதமாக வந்தவர். அவரும் போய்விடுவார் என்று பயந்தேன்.

இதெல்லாம் காரணம், நியாயம் இல்லை. உன் ஒரே வாய்ப்பை உன் கண்ணில் காட்டாமல் ஒளித்தேன். நீ கேட்டபோதே முடியாது என்று சொல்லியிருக்கலாம், நீ வருத்தப்பட மாட்டேன் என்றுகூட எழுதியிருந்தாய். முடியாது என்று சொல்ல வெட்கப்பட்டு இதைச் செய்தேன்.

லோரீன்

•

டோரி க்ரீக்
22 ஜூன் 1975

லோரீன்,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை. நலம் விசாரிக்கவும் தோன்றவில்லை. அப்பா இருக்கிறார்.

பாவி! கொலைகாரன்கூட முகத்தைப் பார்த்துக் குத்துவான். நான் பனியில் தபால்பெட்டிக்கும் வீட்டுக்கும் நாயாக நடந்தேன், நீ ரோஜாச் செடி துளிர்த்தது என்று எழுதினாய். கல்யாணத்துக்கு வரவில்லை என்று உனக்குத் தெரிந்திருக்கும். வந்திருந்தால் எல்லார் முன்னாலும் கத்தியிருப்பேன்.

டாக்டரிடம் தபால் தொலைந்துவிட்டது என்று சொன்னேன். அப்பாவிடம் என் மதிப்பெண் போதவில்லை, அதனால்தான் பழைய கல்லூரி எடுக்கவில்லை என்று சொல்லியிருந்தேன், அப்படியே விட்டுவிட்டேன். அவருடைய சுரங்கச் சங்கத்துக்காரர்கள் வந்தால் போதும், "அவனுங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு, எம் பையன மாதிரி ஒருத்தன வேண்டாம்னுட்டானுங்க" என்று மூச்சு வாங்க வாங்கத் திட்டுகிறார். நான் பக்கத்தில் நின்று கேட்கிறேன். யாருக்காக இதைச் சுமக்கிறேன்?

ஆனால் கோபம் கொஞ்சம் இறங்கியதும் எனக்குள்ளேயே ஒன்று குத்தியது. அதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் நானும் உன்னைப்போல ஆகிவிடுவேன். டாக்டர் டீக்கின் மேசையில் போன் இருந்தது. ப்ரூயிட்டைக் கூப்பிட்டு 'என் இடம் என்ன ஆச்சு' என்று கேட்க இரண்டு நிமிஷம் போதும். மூன்று தடவை கையில் எடுத்து வைத்துவிட்டேன். நோயாளிகள் கேட்பார்கள் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். வா என்று சொல்லிவிட்டால் அப்பாவை விட்டுப் போகவேண்டுமே, அதை முடிவு செய்யத் தைரியம் இல்லை. யாராவது இல்லை என்று சொல்லட்டும் என்று காத்திருந்தேன். நீ சொன்னாய்.

அதற்காக உன்மேல் கோபம் குறையவில்லை.

வெண்டல்

•

கெட்டரிட்ஜ்
1 ஜூலை 1975

அன்புள்ள வெண்டல்,

நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன், அன்புள்ள என்றே. உடம்பு பரவாயில்லை. சாப்பாடு இறங்கவில்லை, அது தகும்.

கல்யாணம் நடக்கவில்லை. நீ வராததால் இல்லை. ஜூன் பத்தாம் தேதி வால்ட்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. ரொம்ப நேரம் ஆணிகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்துவிட்டு, "மொதல்ல அதச் சரி பண்ணு லோரீன். அப்புறம் பேசலாம்" என்றார். அப்புறம் என்றால் எப்போது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நேற்று ப்ரூயிட் முன்னால் போய் நின்றேன். கதவைச் சாத்தச் சொன்னார். முழுக்கக் கேட்டார். "இந்த நாற்காலியில உன்ன இனி உக்கார வைக்க முடியாதும்மா" என்றார். சரி என்றேன். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மஞ்சள் அட்டைகள் இருந்த பெட்டியைத் திறந்தார். அயோவாக்காரப் பையன் ஒருவன் போன வாரம் விலகிவிட்டான், அவனுடைய அப்பா தானியக் களஞ்சியத்திலிருந்து விழுந்து, நிலத்தைப் பார்க்க ஆளில்லையாம். அந்த இடத்தை உனக்கு வைத்திருக்கிறார். இந்தத் தடவை அவரே கடிதம் போட்டுவிட்டார், நாளையோ மறுநாளோ வரும். பதினொன்றாம் தேதிக்குள் அவருக்குப் பதில் சொல். போனில் சொல், நோயாளிகள் கேட்டால் கேட்கட்டும்.

எது என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னதெல்லாம் போதும். ஒன்று மட்டும்: நீ பழையதை எடுத்தாலும் புதியதை எடுத்தாலும் பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை மாலை பஸ்ஸில் நான் டோரி க்ரீக் வருகிறேன். டாக்டர் டீக்குக்குத் தட்டச்சு அடிக்க ஆள் வேண்டுமா என்று கேட்டு வை. வீட்டைக் காலி செய்துவிட்டேன்.

லோரீன்

•

டோரி க்ரீக்
7 ஜூலை 1975

அக்கா,

கடிதம் கிடைத்தது. ப்ரூயிட் எழுதியதும் கிடைத்தது. அப்பாவுக்கு இந்த வாரம் கொஞ்சம் தேவலை. இது உன் கைக்கு வந்து சேரும்போது நீ பெட்டி கட்டிக்கொண்டிருப்பாய்.

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். முதலில் புதியதிலேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். கோல்மன் எனக்காக நாற்காலியைப் பிடித்துவைத்தவர். அதோடு, புதியதிலேயே இருந்தால் நீ செய்தது பெரிதில்லை என்று ஆகிவிடும், வாரம் இரண்டு நாள் நானும் வீட்டிலிருப்பேன், உனக்குச் சுமை குறையும், எல்லாரும் என்னை நல்லவன் என்பார்கள். பிறகு யோசித்தேன். அப்படி எடுத்தால் மறுபடியும் நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

எனக்கு வேண்டியது பழையது. அதைத்தான் எடுத்தேன். இன்று காலை டாக்டர் மேசையிலிருந்தே கூப்பிட்டேன், பதினோரு நோயாளிகள் கேட்டார்கள், ஒருத்தி கைதட்டினாள். நான்கு வருஷம் நான் மிசூரியில் இருப்பேன். கிறிஸ்துமஸுக்கு வருவேன், கோடையில் வருவேன். மற்ற நாளெல்லாம் நீதான். இது உனக்குத் தண்டனையா என்று கேட்காதே. தெரியவில்லை. இருக்கலாம்.

கோல்மனிடம் நேரில் போய்ச் சொன்னேன். "போய்ப் படிச்சிட்டு வா. அப்பவும் நாங்க இருந்தா, இங்க வந்து சொல்லிக் குடு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஆளை நான் ஏமாற்றிவிட்டேன், அதுவும் என் கணக்கில்தான்.

நீ வந்ததிலிருந்து ஆகஸ்டு நடுவில் நான் கிளம்பும்வரை ஐந்து வாரம் இருக்கிறது. கை வைக்கிற விதத்தைச் சொல்லித்தருகிறேன். டாக்டருக்குத் தட்டச்சு அடிக்க ஆள் வேண்டுமாம், வாரம் மூன்று நாள். உன்னை மன்னித்துவிட்டேனா என்று தெரியாது, பஸ் நிறுத்தத்தில் உன்னைப் பார்த்ததும் என்ன பேசுவேன் என்றும் தெரியாது. ஆனால் வருவேன்.

நீ செய்ததை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. நீ வருகிறாய் என்று மட்டும் நேற்று சொன்னேன். இன்று காலை எழுந்து பார்த்தால் நாற்காலியில் உட்கார்ந்தபடி, மூச்சு வாங்க வாங்க, முகம் முழுக்க நுரையைப் பூசிக்கொண்டு சவரம் செய்துகொண்டிருக்கிறார். ஒரு மணி நேரமாகச் செய்கிறாராம். "அப்பா, அவ வர்றது சனிக்கிழம" என்றேன்.

"தெரியும்டா" என்றார்.

வெண்டல்